இயக்கியும் இயங்காக் கருவியும்

கணினியின் ஒலியட்டை, அச்சுப்பொறி, அருகலை அட்டை ஆகிய வன்பொருள்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனிமொழி உடையவை. அம்மொழிகளை இயங்குதளம் தானாக அறியாது. இடைநின்று இருபுறமும் பொருளுணர்த்தும் மென்பொருளே இயக்கி. அஃது இல்லாவிடத்துப் பழுதற்ற கருவியும் பழுதுற்றதாகவே தோன்றும்.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸில், பெரும்பாலான இயக்கிகள் கெர்னல் எனப்படும் உட்கருவுடனேயே கிடைக்கின்றன. கருவியின் உள்ளமைப்பை உற்பத்தியாளர் மறைக்கும்போதே பெரும்பாலும் இடர்ப்பாடு எழுகிறது. இவ்விடர்ப்பாடு லினக்ஸுக்கும் மூத்தது. 1980ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்குச் செராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் பயனருக்குச் செய்தி அனுப்புமாறு பழைய பொறியின் மென்பொருளைத் திருத்தியிருந்த ரிச்சர்டு ஸ்டால்மன், புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விழைந்தார். மூலநிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், பிறருக்குத் தருவதில்லை என உறுதியளித்திருந்தமையால் மறுத்துவிட்டார். 1983இல் குனு திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்ததற்கு இம்மறுப்பும் ஒரு தூண்டுதலாயிற்று.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். லினக்ஸ் புதிதாக நிறுவப்பட்ட மடிக்கணினியில் அருகலை தெரியவில்லை எனக் கொள்வோம். பலர் உடனே இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுவர். பழுது எங்குள்ளது என்று அறியாமல் செய்யும் அவ்வேலை பெரும்பாலும் வீண். முதலில், 'ஆர்எஃப்கில்' என்னும் கட்டளையால் அருகலை அணைக்கப்பட்டுள்ளதா என அறியலாம். பின்னர், 'எல்எஸ்பிசிஐ' கட்டளையுடன் 'கே' என்னும் தெரிவையும் சேர்த்து இயக்கினால், உள்ளிணைந்த கருவிகளும் அவற்றை இயக்கும் இயக்கிகளின் பெயர்களும் திரையில் தோன்றும். அட்டையே அங்குத் தோன்றாவிடில், இணைப்பையோ பயாஸ் அமைப்பையோ ஆராய வேண்டும். அட்டை தோன்றி இயக்கியின் பெயர் தோன்றாவிடில் இயக்கி ஏற்றப்படவில்லை எனக் கொள்ளலாம். இரண்டும் இருந்தும் செயல்படாதபோதுதான் 'டிமெசேஜ்' எனப் பலரால் ஒலிக்கப்படும் கட்டளை கைகொடுக்கும். உட்கரு எழுதிவைத்த பதிவுகளை அது காட்டும். நிலைபொருள் கோப்பை ஏற்ற இயலவில்லை என்னும் வரி அங்கு அடிக்கடி காணப்படும். நிலைபொருள் என்பது அட்டைக்குள்ளேயே இயங்கும் சிறு மென்பொருள். பெரும்பாலும் மூலநிரல் வெளியிடப்படாதது. அதனாலேயே டெபியன் குழுவினர் அதனை நெடுங்காலம் தம் முதன்மை நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்தே சேர்த்தனர்.

அருகலை இல்லாத கணினியில் அக்கோப்பை எவ்வாறு பதிவிறக்குவது? கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்தால் போதும். அதற்குரிய இயக்கி பெரும்பாலும் உட்கருவிலேயே உள்ளது.

நேற்றுவரை இயங்கிய கருவி, இற்றைப்படுத்தியபின் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது தொடக்கப் பட்டியலில் முந்தைய உட்கருவைத் தேர்ந்து பார்க்க வேண்டும். அதில் கருவி இயங்கினால், வன்பொருளில் குறையில்லை எனலாம். உட்கருவின் பதிப்பெண்ணையும் பிழை காட்டிய வரிகளையும் படியெடுத்து உருவாக்குநருக்கு அனுப்பினால், மூலநிரல் வெளிப்படையாக உள்ள இயக்கியாயின், அதனை அவரோ அறிந்த வேறெவரோ திருத்த இயலும்.