பேய் தேடும் தொலைக்காட்சித் தொடர்களும் நமது வீட்டுப் பிள்ளைகளும்

பாழடைந்த கட்டிடமொன்றுக்குள் நள்ளிரவில் நுழைந்து, விளக்குகளை அணைத்துவிட்டு, "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்பார்கள். எங்கோ ஒரு கதவு சத்தமிடும். கமரா குலுங்கும். ஒருவர் அலறுவார். பிறகு விளம்பர இடைவேளை வரும்.

இந்த வகைத் தொடர்களை நமது பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் பார்க்கின்றனர். ஆங்கிலத் தொடர்களின் துண்டுகளோடு, அதே பாணியில் தமிழிலும் சிங்களத்திலும் எடுக்கப்படும் வீடியோக்களும் வந்து சேர்கின்றன. "சேர், இது உண்மையா?" என்று வகுப்பில் மாணவர்கள் கேட்கிறார்கள். "அதெல்லாம் பொய், பாடத்தைப் பார்" என்று சொல்வது எளிது. ஆனால் அந்தப் பதிலால் எந்தப் பிள்ளையின் பயமும் குறைவதில்லை.

நின்றுபோய்த் திரும்பி வந்த தொடர்கள்

இந்தத் தொடர்கள் நின்றுபோனாலும் சில வருடங்களில் திரும்பி வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் 'கோஸ்ட் ஹன்டர்ஸ்' 2004ல் ஆரம்பித்து 2016ல் முடிவடைந்தது. குழாய் திருத்தும் வேலை செய்த ஜேசன் ஹோஸ், கிராண்ட் வில்சன் என்ற இருவரே அதன் முகங்கள். 2019ல் வேறொரு அலைவரிசை அதனை கிராண்டை வைத்து மீண்டும் ஆரம்பித்தது. 2022ல் ஜேசனை வைத்து இன்னொரு முறை ஆரம்பித்தார்கள். பிரித்தானியாவின் 'மோஸ்ட் ஹோன்டட்' 2002 முதல் 2010 வரை ஓடி, 2014ல் வேறு அலைவரிசையில் திரும்பி வந்தது.

இப்படித் திரும்பி வரும்போது ரசிகர்கள் பெரிதும் பேசுவது பேயைப் பற்றியல்ல. பழைய குழுவினர் இருக்கிறார்களா, புதியவர்கள் நடிக்கிறார்களா, முன்பு இருந்த நேர்மை இப்போது உண்டா என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். நெடுநாள் கழித்து ஊருக்கு வந்த உறவினரைப் பார்ப்பது போலத்தான் அந்தத் தொடரையும் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தொடர்களை மிகக் கூர்மையாகச் சந்தேகித்தவர்களும் ரசிகர்களே. 2008ல் டெலவெயர் கோட்டையிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியில், கிராண்டின் மேலங்கிக் கழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பின்னால் இழுத்ததாகக் காட்டப்பட்டது. ரசிகர்கள் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்து, அவரே ஒரு கயிற்றால் இழுத்திருக்கலாம் என்று வாதிட்டார்கள். அவர் மறுத்தார். அந்த விவாதம் பல வருடங்கள் ஓயவில்லை.

'மோஸ்ட் ஹோன்டட்' தொடரில் நடந்தது இதைவிடப் பெரியது. ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன டெரெக் அகோரா என்பவரை, அதே தொடரில் பணியாற்றிய உளவியலாளர் கியரன் ஓகீஃப் சோதித்துப் பார்த்தார். உலகில் வாழ்ந்தேயிராத 'கிரீட் கேஃபர்' என்ற ஒருவரைக் கற்பனை செய்து, அந்தப் பெயர் டெரெக்கின் காதுக்கு எட்டும்படி செய்தார். படப்பிடிப்பில் அந்த 'ஆவி' டெரெக்கின் உடலுக்குள் வந்து பேசியது! அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'டெரெக் ஏமாற்றுக்காரர்' என்று பொருள்படும். இது 2005ல் வெளியானது. அதே வருடம் பிரித்தானிய ஒளிபரப்புக் கட்டுப்பாட்டுச் சபை, இது பொழுதுபோக்கு நிகழ்ச்சியே, ஆய்வு அல்ல என்று தீர்மானித்தது. அப்படியிருந்தும் தொடர் இன்னும் ஐந்து வருடங்கள் ஓடியது. 2014ல் திரும்பியும் வந்தது.

அப்படியானால் ரசிகர்கள் முட்டாள்களா? இல்லை. பலருக்கு அது பொழுதுபோக்கு என்று தெரியும். பயந்து சிரிப்பதற்காகவே பார்க்கிறார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவனுக்கு அது செய்தி.

கருவிகள் என்ன சொல்கின்றன?

பிள்ளைகளை அதிகம் நம்ப வைப்பவை கருவிகளே. விளக்கு மினுங்கும் ஒரு சிறிய மீற்றரைப் பிடித்துக்கொண்டு "இதோ வந்துவிட்டது" என்பார்கள். அது மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி. சுவருக்குள் ஓடும் மின்கம்பி, குளிர்சாதனப் பெட்டி, சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் அது மினுங்கும். ஆவியை அளக்கும் கருவி என்று எதுவும் உலகில் இல்லை.

ஒலிப்பதிவில் கேட்கும் 'குரலும்' அப்படித்தான். இரைச்சலில் பேச்சையும் சுவர்க் கறையில் முகத்தையும் தேடுவது மனித மூளையின் இயல்பு. முதலில் "போ என்று சொல்கிறது, கேளுங்கள்" என்று திரையில் எழுதிவிட்டு ஒலியைப் போட்டால் எல்லோருக்கும் 'போ' என்றே கேட்கும். எழுத்தை மறைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு சொல் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் விக் டான்டி என்ற பொறியியலாளர் தமது ஆய்வுகூடத்தில் ஓரிரவு காரணமில்லாத அச்சத்தையும், கண்ணோரத்தில் ஒரு சாம்பல் நிற உருவத்தையும் உணர்ந்தார். மறுநாள், இடுக்கியில் பொருத்தி வைத்திருந்த ஒரு வாளின் தகடு தானாக அதிர்வதைக் கண்டார். தேடிப் பார்த்தபோது, புதிதாகப் பூட்டிய மின்விசிறியொன்று செக்கனுக்கு ஏறத்தாழ 19 தடவை அதிரும், காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பியது தெரியவந்தது. அதை நிறுத்தியதும் அந்த அச்ச உணர்வும் போய்விட்டது. இதனை அவர் 1998ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். எல்லாப் பேய்க் கதைக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பயந்தவர் தேடிப் பார்த்தார் என்பதே இங்கு பாடம்.

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் கூரைக்குள் எலி ஓடுகிறது, பலகை விரிந்து சத்தமிடுகிறது. பகலில் இவற்றை நாம் கவனிப்பதில்லை. இரவு 2 மணிக்கு அதே சத்தம் வேறொன்றாகிவிடுகிறது. நித்திரையில் விழிப்பு வந்தும் உடல் அசையாமல், நெஞ்சில் யாரோ அமர்ந்திருப்பது போன்ற நிலையும் வைத்தியர்கள் நன்கறிந்ததே. நித்திரை குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அது அதிகம் வருகிறது.

வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியர் இருந்தார்

பேய் வீடுகளை உண்மையாகவே ஆராய்ந்த ஒருவர் நமது வெள்ளவத்தை பாமன்கடையில்தான் வாழ்ந்தார். கேரளத்தின் திருவல்லாவில் 1898ல் பிறந்த ஆபிரகாம் கோவூர், 1928ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். பல பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்து, 1959ல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். கல் விழும் வீடு, தானாகத் தீப்பிடிக்கும் துணி, பேய் பிடித்த பெண் என்று அழைப்பு வந்த இடங்களுக்கெல்லாம் போனார். மோசடியற்ற சூழலில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963ல் சவால் விட்டார். 1978ல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை ஒருவரும் பெறவில்லை. அவருடைய குறிப்பொன்றைத் தழுவி 1973ல் 'மறுபிறவி' என்ற தமிழ்ப் படமும் வந்தது.

கோவூர் இறைமறுப்பாளர். அந்த முடிவில் நமக்கும் அவருக்கும் உடன்பாடில்லை. ஆனால் அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். அவர் விளக்கை அணைக்கவில்லை, ஏற்றினார். இருட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கவில்லை, அந்த வீட்டிலுள்ள மனிதர்களிடம் கேட்டார். பல இடங்களில் 'பேயின்' பின்னால் இருந்தது வீட்டிலுள்ள ஒருவரின் சொல்ல முடியாத துயரம். தொலைக்காட்சிக் குழு காலையில் புறப்பட்டுப் போய்விடுகிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று அது பார்ப்பதில்லை.

ஈமான் கேட்பது பயத்தை அல்ல

"ஜின் இருப்பதாகக் குர்ஆன் சொல்கிறதே, நீங்கள் மறுக்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். மறுக்கவில்லை. ஜின் என்ற படைப்பு இருப்பதை நம்புவது வேறு, கேட்கும் ஒவ்வொரு சத்தமும் ஜின்தான் என்பது வேறு. மறைவானவற்றை மீற்றரால் அளக்கலாம் என்பது நமது அகீதாவுக்கும் பொருந்தாது, விஞ்ஞானத்துக்கும் பொருந்தாது. நபி சுலைமான் (அலை) அவர்கள் மரணித்ததைக்கூட, அவர்களது கைத்தடியைக் கறையான் அரிக்கும் வரை ஜின்கள் அறியவில்லை என்பதை சூரா ஸபஃ சொல்கிறது. அப்படியிருக்க, ஜின் வந்து தகவல் சொல்கிறது என்று காசு வாங்குபவரை எப்படி நம்புவது?

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே கிரகணம் வந்தது என்று மக்கள் பேசினார்கள். துயரத்தில் இருந்த வேளையிலும் நபியவர்கள் அதனைத் திருத்தினார்கள். எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் வருவதில்லை என்றார்கள். நமக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டுமா?

2011ஐ மறக்கலாமா?

பயம் வீட்டுக்குள் மட்டும் நிற்பதில்லை. 2011 ஆகஸ்டில், ரமழான் மாதத்தில், 'கிறீஸ் மனிதன்' பீதி நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். பெண்கள் வீட்டுக்கு வெளியே வரப் பயந்தார்கள். இளைஞர்கள் இரவிரவாகப் பொல்லோடு காவல் நின்றார்கள். புத்தளத்தில் பொதுமக்களுக்கும் பொலிஸாருக்கும் இடையிலான மோதலில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

மக்கள் சொன்ன எல்லாமே கற்பனை என்று நான் சொல்லவில்லை. தாக்கப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டார்கள். அந்த முறைப்பாடுகள் ஒவ்வொன்றும் முறையாக விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். மக்கள் நம்பும்படியான விசாரணை இல்லாத இடத்தில்தான் வதந்தி விசாரணையாளனாகிவிடுகிறது. செய்தி வந்தால் உறுதிப்படுத்துங்கள் என்று சூரா அல்-ஹுஜுராத் கட்டளையிடுவதன் பெறுமதி அப்போதுதான் விளங்குகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளைகளிடமிருந்து கைத்தொலைபேசியைப் பறிப்பதால் மட்டும் பயனில்லை. ஒருமுறை அவர்களோடு அமர்ந்து பாருங்கள். "கமராவைப் பிடித்திருப்பவர் யார்? சத்தம் வந்த பக்கம் ஏன் காட்டவில்லை? விளக்கைப் போட்டால் என்ன?" என்று கேளுங்கள். இரண்டாவது வீடியோவில் பிள்ளையே கேட்க ஆரம்பித்துவிடும்.

வீட்டில் ஒருவர் தனக்குள் பேசினால், சாப்பிடாமல் ஒடுங்கினால், குரல் மாறிக் கத்தினால், குர்ஆன் ஓதிப் பிரார்த்தியுங்கள். அத்தோடு வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டில் ஒன்றுதான் என்று மார்க்கம் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடும்படி சொன்னவர்களும் நபியவர்களே. அடித்துப் பேயோட்டுகிறேன், அறையில் தனியே வைத்துப் பார்க்கிறேன் என்பவரிடம் உங்கள் மகளை ஒப்படைக்காதீர்கள்.

தொடர்கள் நின்றுபோகும், மறுபடியும் வரும். அவை வரும்போது கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வீட்டில் இருக்க வேண்டும்.