கைக்குழந்தைக்கு என்ன தெரியும்?

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் அழகிய சிற்பம் ஒன்று உண்டு. இடையன் பால் கறக்கிறான். பசுவோ தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. கன்று அருகில் நின்றால் பசு நன்கு பால் சுரக்கும் என்பதை உழவர் யாவரும் அறிவர். மாட்டுக் கொட்டிலில் நாம் கண்ட இவ்வுண்மையை நம் வீட்டுத் தொட்டிலில் காண்கிறோமா?

“கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? பால் குடிக்கும், உறங்கும்” என்று செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் சொல்லக் கேட்கிறோம். அழுதவுடன் எடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பாரும் உளர். இக்கேள்வியை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஒரு நர்ஸ் ஆசிரியை. அவர் பெயர் காத்ரின் பார்னார்டு (1938–2015). அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில், 1963 முதல் அவர் செவிலியருக்குப் பாடம் கற்பித்தார்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் அந்நாளில் கண்ணாடிப் பெட்டியில், அணைப்பாரின்றிக் கிடந்தன. தாய் வயிற்றில் உணர்ந்த அசைவையும் இதயத் துடிப்பையும் அவை இழந்துவிட்டன என்று அம்மையார் எண்ணினார். மெல்ல ஆடும் படுக்கையையும் துடிப்பின் ஓசையையும் அமைத்துப் பார்த்தார். குழந்தைகள் எடை கூடித் தேறின. தொட்டிலாட்டித் தாலாட்டும் நம் தாய்மாருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

1971இல் அவர் மற்றோர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். குழந்தைகளைப் பிறந்தது முதல் ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து கவனித்தார். பாலூட்டும்போதும், ஒன்றைக் கற்றுக் கொடுக்கும்போதும் தாயும் சேயும் பழகும் முறையை அளந்தார். பிறந்தபோதிருந்த உடல்நிலையைக் காட்டிலும், பெற்றோர் பழகும் விதமும் வீட்டுச் சூழ்நிலையுமே பிற்கால அறிவு வளர்ச்சியை நன்கு முன்னறிவித்தன.

அவர் கண்ட முறை எளியது. குழந்தை குறிப்புக் காட்டுகிறது. பசித்தால் கையைச் சப்பும், வாய் திறந்து தலையைத் திருப்பும். போதுமென்றால் முகத்தை விலக்கிக் கொள்ளும். அழுகை கடைசிக் குறிப்பே. பெற்றோர் கடமை மூன்று: குறிப்பறிதல், துயர் தணித்தல், பேசியும் விளையாடியும் வளர்ச்சிக்கு உதவுதல். சில மாதக் குழந்தையை அழுதவுடன் எடுப்பதால் அது கெட்டுவிடாது; தன்னைக் கவனிப்பார் உண்டென்ற நம்பிக்கையே பெறும்.

இவ்வறிவைப் பரப்பக் கூடியவர் செவிலியரே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இலேயே செவிலியர் பட்டப் படிப்பு தொடங்கியது. செங்கற்பட்டில் மருத்துவக் கல்லூரி 1965இல் ஏற்பட்டது. இன்று கிராம சுகாதாரச் செவிலியர் நம் வாயிற்படிக்கே வருகிறார்.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறப்பையும் எடையையும் பதிவேட்டில் எத்தனையோ முறை சரிபார்த்திருக்கிறோம். ஒரு தாய் பாலூட்டுவதற்குப் போதிய நேரமும் நிழலும் பெற்றாளா என்று கேட்டவர் நம்மில் சிலரே. சாலையும் குளமும் நம் பொறுப்பு, பிள்ளை பெண்கள் பொறுப்பு என்று ஒதுங்குவது முறையன்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. நடவு, களையெடுப்பு நடக்கும் இடங்களில் தாய்மார் பாலூட்ட நிழலிடமும் ஓய்வும் கிடைக்கச் செய்யலாம். அங்கன்வாடியில் தாய்மாரைக் கூட்டும் நாளில் தந்தையரையும் பாட்டிமாரையும் அழைக்கலாம். கடலிலிருந்து திரும்பும் மீனவத் தந்தை, வலையை உலர்த்தியபின் கால் மணி நேரம் குழந்தையை மடியில் வைத்துப் பேசலாம். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. பயிரின் முகம் பார்த்து நீர் பாய்ச்சுபவர் நாம். பிள்ளையின் முகத்தையும் பார்ப்போமாக.