கேட்கப்படாத நான்காவது கேள்வி

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் முப்பது வருஷம் கூலிக்கு மருந்தடித்த என் பெரியப்பா ஐம்பத்தெட்டு வயதில் மாரடைப்பால் இறந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று கேள்விகள் கேட்டார்கள்: பீடி உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா? "என்ன மருந்து அடிச்சாக, எம்புட்டு வருசம் அடிச்சாகன்னு ஒருத்தரும் கேக்கலயேப்பா" என்று பெரியம்மா பிறகு சொன்னார். கேட்கப்படாத அந்த நான்காவது கேள்வியைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

பூஞ்சைக்கொல்லி என்பது பாடப்புத்தகச் சொல். ஊரில் எல்லாமே 'மருந்து'தான். நோய் கொடிக்கு, மருந்தும் கொடிக்கு. நடுவில் நிற்கும் உடம்புக்கு இந்தச் சொல்லாடலில் இடமில்லை. திராட்சை தலைக்கு மேல் பந்தலில் படர்வது. அண்ணாந்து அடிக்கிறவன் முகத்திலேயே பாதி மருந்து திரும்பி விழும். பிரான்சின் போர்டோவில் மில்லார்டே 1885இல் பரிந்துரைத்த மயில்துத்தம், சுண்ணாம்புக் கலவையில் தொடங்கிய வரிசை இன்று மாங்கோசெப், அசாக்ஸிஸ்ட்ரோபின் என்று நீண்டிருக்கிறது.

இவை இதயத்தை எப்படித் தொடக்கூடும்? மாங்கோசெப் சிதைந்து எத்திலீன் தயோயூரியா என்ற பொருளாகிறது. அது தைராய்டு சுரப்பைத் தடுக்கும். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும், இதயத் துடிப்பு மந்தமாகும். அசாக்ஸிஸ்ட்ரோபின் வகையோ பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியை முடக்கிக் கொல்கிறது. அதே உற்பத்தி முறைதான் நம் செல்களிலும். ஓய்வே அறியாத இதயத் தசை அதை மிக அதிகம் நம்பியிருக்கிறது. இவை சாத்தியமான வழிகள். மனிதரில் இப்படித்தான் நடக்கிறது என்பதற்கான நிரூபணம் ஆகிவிடாது.

அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993இல் தொடங்கிய வேளாண் உடல்நல ஆய்வு, மருந்தடிக்க உரிமம் பெற்றவர்களையும் அவர்தம் துணைவர்களையுமாகச் சுமார் 89,000 பேரைப் பின்தொடர்ந்தது. அதிலிருந்து 2009இல் வெளிவந்த கட்டுரையில், மானெப் அல்லது மாங்கோசெப் பயன்படுத்திய ஆண்களிடம் உயிர் பறிக்காத மாரடைப்பு 34 சதவீதம் கூடுதலாகவும், சிராம் அல்லது ஃபெர்பாம் பயன்படுத்தியவர்களிடம் 2.4 மடங்காகவும் காணப்பட்டது. ஆனால் பூச்சிமருந்துகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால் மாரடைப்புச் சாவுடன் தொடர்பு காட்டும் சான்று மிகக் குறைவு என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. இதை மறைத்துவிட்டு எழுதினால் நாமும் விளம்பரம் எழுதுகிறவர்களாகிவிடுவோம்.

என் கேள்வி வேறு. அங்கே எண்ணப்பட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர், சொந்த நிலத்தில் அடித்த விவசாயிகள். என்ன அடித்தோம் என்று அவர்களுக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு டப்பாவின் நிறம்தான் தெரியும். உடம்புக்கு முடியாமல் போனவன் மறுநாள் வேலைக்கு வரமாட்டான். ஆகவே வேலைத்தளத்தில் எண்ணினால் திடமானவர்களே கணக்கில் விழுவார்கள். 'ஆதாரம் இல்லை' என்ற வாக்கியம் இப்படித்தான் உற்பத்தியாகிறது. பீடியும் குடியும் தனிமனிதத் தப்பாகப் பதிவாகின்றன, கூலி வேலை பதிவாவதே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மாங்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இனப்பெருக்கத்துக்கும் ஹார்மோன்களுக்கும் கேடு என்பது முக்கியக் காரணங்கள், இதயம் அதில் வரவில்லை. இந்திய அரசு 2020 மே மாதம் தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளில் மாங்கோசெப்பும் சிராமும் இருந்தன. 2023இல் வந்த இறுதி ஆணையின் முழுத் தடையில் அவை இல்லை.

பெரியப்பாவை மருந்துதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி ஆக்கப்பட்டிருக்கிறது என்கிறேன். சங்கங்களிலும் மருத்துவ முகாம்களிலும் வேலை செய்யும் தோழர்கள் ஒரு நோட்டுப் போடலாம்: டப்பாவில் உள்ள பெயர், அடித்த தேதி, எத்தனை மணி நேரம், அடித்தவர் பெயர். ரத்த அழுத்தமும் தைராய்டும் வருஷத்துக்கு ஒரு தடவை. அடுத்த பெரியம்மாவிடம் டாக்டர் கேட்காவிட்டாலும், நீட்டுவதற்கு அவர் கையில் அந்த நோட்டாவது இருக்கும்.