கணக்கின் திறவுகோல்

ஓர் இணையத்தளம் தன் முகவரிக்கு உரியதே என்று உலாவிக்கு உணர்த்துவது இலக்கமுறைச் சான்றிதழ். அமெரிக்காவின் ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ அமைப்பு 2015 முதல் இதனைத் தானியங்கி முறையில் கட்டணமின்றி வழங்கி வருகிறது. சான்றிதழ் வேண்டும் சேவையகம் முதலில் கணக்கு ஒன்றைத் தொடங்கும். அக்கணக்கின் பொதுத் திறவுகோல் வழங்குநரிடம் பதிவாகும்; தனித் திறவுகோல் சேவையகத்திலேயே தங்கும். ஒவ்வொரு வேண்டுகோளும் தனித் திறவுகோலால் கையொப்பமிடப்படும். அக்கையொப்பமே அனுப்பியவரின் அடையாளம்.

எனவே, அத்திறவுகோலைக் களவாடியவர் உரியவர்போல் நடித்து நம் சான்றிதழ்களைச் செல்லாதவை ஆக்கலாம். இதனைத் தடுக்க, திறவுகோல் கோப்பைப் படிக்கும் உரிமையை நிர்வாகிக்கு மட்டுமே அளித்தல் வேண்டும். நிரல்களோடு சேர்த்துப் பொதுவெளியில் பதிவேற்றலாகாது. ஐயம் எழுந்த உடனே திறவுகோலை மாற்றிவிட வேண்டும். அம்மாற்றத்திற்கும் பழைய திறவுகோலின் கையொப்பமே சான்றாக ஏற்கப்படும். களவாடியவர் முந்திக்கொண்டால் கணக்கே கைமாறிவிடும்.