லாக்கப்பும் வார்டும்

சென்னை நகரக் காவல் ஆணையருக்கு ஒரு காலத்தில் மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் ஒன்று இருந்தது. மருத்துவரின் சான்று கையில் இருந்தால், தெருவில் பிடிபட்ட ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லி அவரே உத்தரவு போடலாம். 1912-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த பித்தர் சட்டம் கொடுத்த அதிகாரம் அது. மற்ற ஊர்களில் நிலைய அதிகாரி ஆளைக் கைது செய்வார், மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார், உத்தரவு வரும். திருட்டு வழக்கில் மாட்டியவரையும் ஏறக்குறைய இப்படித்தான் கொண்டுபோனார்கள். 1794-ல் தோன்றிய வரலாறுள்ள கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பெயரை ஊர் இன்றைக்கும் ஏச்சாகப் பயன்படுத்துவதற்கு, அங்கே போகும் வழி காவல் நிலையம் வழியாக இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சட்டம் 1993 வரை நம்மை ஆண்டது. 1987-ல் நிறைவேறிய புதிய சட்டம் நடைமுறைக்கு வர அத்தனை காலம் பிடித்தது. அதே 1993-ல்தான், பத்திரிகையாளர் ஷீலா பர்சே தொடுத்த வழக்கில், எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை அவர்கள் சிறையில் இருந்தார்கள். ‘குற்றமற்ற பித்தர்’ என்று பதிவேட்டில் எழுதியே வைத்திருந்தார்கள். சிறைக்கு வெளியிலும் நிலைமை வேறில்லை: 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்தின் சுவரிலும் ஒட்டிவைக்க வேண்டிய பிரிவு. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் ஒருவர் சுற்றித் திரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது நிலைய அதிகாரியின் கடமை. ஏன் அழைத்துப்போகிறோம் என்று அவருக்கே சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எந்தச் சூழ்நிலையிலும் வைக்கக் கூடாது. வீடு தெரியாதவர் என்றால் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் அதே அதிகாரியின் பொறுப்பு.

நடைமுறை எப்படி இருக்கிறது? இரவு பதினொரு மணி, பேருந்து நிலையம். தலைமுடி சடைபிடித்த ஒருவர் தனக்குள் பேசிக்கொண்டு ஓடும் பேருந்துகளுக்குக் குறுக்கே போகிறார். அனுபவமுள்ள ஏட்டு லத்தியை பைக்கிலேயே வைத்துவிட்டுத்தான் அவர் பக்கம் போவார். நாலு பேராகச் சூழ மாட்டார். கொஞ்சம் தள்ளி நின்று, “சாப்டீங்களா?” என்று கேட்பார். ஒரு டீ, ஒரு பன். அரை மணி நேரம் ஆகலாம், ஆனால் கயிறு தேவைப்படாது. ஆம்புலன்ஸ் வந்து, பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போன பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. “மெமோ எங்கே? அட்டெண்டர் யாரு?” அட்டெண்டர் இல்லாத காரணத்தால்தான் அவர் தெருவில் இருந்தார். மனநல மருத்துவர் காலையில் வருவார் என்பார்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோங்கள் என்பார்கள். அங்கே நிலையத்தில் பாரா பார்க்க ஆள் இல்லை, இங்கே ஏட்டு விடிய விடிய ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இப்படி இரண்டு இரவு உட்கார்ந்தவர் மூன்றாம் முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், அவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி வகுப்புகள் தேவைதான். ஆனால் கொண்டுபோனவுடன் வாங்கிக்கொள்ளும் ஒரு கதவு இல்லாவிட்டால் எந்த வகுப்பும் பயன்படாது.

அந்தக் கதவு சில ஊர்களில் திறந்திருக்கிறது. தெருவில் கிடந்த மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் இரண்டு இளம்பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும், சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’ போன்ற அமைப்புகளின் அனுபவம் அரசுக்கும் உதவியது. மாவட்ட அளவில் அரசு தொடங்கிய அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள், ஆதரவற்ற மனநோயாளிகளை அட்டெண்டர் கேட்காமல் சேர்த்துக்கொள்ளத்தான் இருக்கின்றன. சென்னைக் காவல்துறை 2021-ல் ‘காவல் கரங்கள்’ என்ற பெயரில், தெருவில் கைவிடப்பட்டவர்களை மீட்டுக் காப்பகத்திலோ மருத்துவமனையிலோ சேர்க்கும் வேலையைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து தொடங்கியது. தடியோடு துரத்திய துறையே இன்று வேன் அனுப்புகிறது. இது சின்ன மாற்றம் இல்லை.

இன்னொரு மாற்றம் கட்டிலருகே நடந்தது. முன்பெல்லாம் பூச்சிமருந்து குடித்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிவந்தால், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவானதும் புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். மூக்கில் டியூப் சொருகியிருக்கும்போதே வாக்குமூலம் வாங்க ஆள் வந்து நிற்பார். தற்கொலை முயற்சிக்கு 309 கேஸ். வழக்குக்குப் பயந்து, “தெரியாமல் குடித்துவிட்டார்” என்று குடும்பமே பொய் சொல்லும். உண்மையான காரணம் மருத்துவரின் காதுக்கும் எட்டாது. இன்றைய சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 309 இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றமாக மிஞ்சியிருக்கிறது. இனி அந்தக் கட்டிலருகே நிற்கும் போலீஸ்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மனநல மருத்துவரைப் பார்த்தாயா என்பதுதான். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் குடும்பத்தாரிடம் எழுதிக்கொடுத்தால் அதுவும் நல்ல போலீஸ் வேலை.

போதை விஷயத்தில்தான் அன்றும் இன்றும் அதிகம் விலகவில்லை. மது, போதைப்பொருளால் வரும் மனநலப் பாதிப்பும் மனநோய்தான் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விடுபடலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் சலுகை போய்விடும். கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையனின் அம்மா ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நிற்கும்போது, இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டியவர் யார்? வக்கீல் வரும்வரை யாரும் சொல்வதில்லை. பல நேரம் வக்கீலும் ஜாமீனோடு நிறுத்திக்கொள்கிறார். ரிமாண்டில் போன பையன் உள்ளே கற்றுக்கொண்டு வருவதை அவன் தெருவும் சேர்ந்து அனுபவிக்கிறது.

குடியில் ஆபத்து வேறு விதமானது. அரசே 2003 முதல் கடை நடத்தி விற்கும் மது, தினமும் குடிப்பவருக்கு ஒரே நாளில் நின்றுபோனால் உயிருக்கே உலை வைக்கும். அப்படி ஒருவர் பெட்டி கேஸிலோ அடிதடியிலோ பிடிபடுகிறார். முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்துவார், கம்பியில் மோதுவார். அன்று இதற்கு “நடிக்கிறான்” என்று பெயர் வைத்து அடித்தார்கள். இன்றும் அந்தச் சொல் ஒழிந்துவிடவில்லை. மருத்துவமனையில் டயாசிபாம் அல்லது லோராசிபாம், கூடவே தயமின் ஊசி, நெருங்கிய கண்காணிப்பு. இவ்வளவில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்றது. ஆனால் அதற்குள் ஆள் கிளைச்சிறைக்குப் போயிருப்பார். ஸ்டேஷனில் அவரைப் பார்த்த மருத்துவர் ஒருவர், சிறையில் இருப்பவர் இன்னொருவர். இடையில் ஒரு வரித் தகவல் போவதில்லை.

கைதானவரின் பெயரையும் அப்பா பெயரையும் எழுதும்போதே ஸ்டேஷன் ரைட்டர் மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: கடைசியாக எப்போது குடித்தீர்கள், தினமும் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா? பதிலை மருத்துவப் பரிசோதனைச் சீட்டிலும் ரிமாண்ட் காகிதத்திலும் எழுதி, சிறை மருத்துவர் கையில் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, தனி நிதியும் தேவையில்லை. மாவட்ட எஸ்.பி.யும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டால் அடுத்த நாளே ஆரம்பிக்கலாம்.