அம்மாவின் கருவாட்டு வாசனை

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவும் பெண்கள், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி நாளெல்லாம் சேற்றைத் துழாவுவார்கள். அவர்களில் ஒருத்தி போன மழைக்காலத்தில் காட்டூரில் என் அங்கன்வாடிக்கு வந்தாள். புருஷன் செத்து எட்டு மாதம்.

"அக்கா, பெரியவள ஹோம்ல விட்டுடலாம்னு பாக்குறேன். மூணு வேளை சோறு போட்டுப் படிக்க வைப்பாங்களாமே."

என்னையும் ஒன்பது வயதில் அப்படித்தான் விட்டார்கள். சோறு கிடைத்தது, படிப்பும் கிடைத்தது. வாசலில் 'அனாதை இல்லம்' என்று பலகை. உள்ளே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மா இருந்தாள். என் அம்மா மாதம் ஒருமுறை வருவாள். மூன்றாம் வருடம் அவள் புடவையின் கருவாட்டு வாசனைக்கு நான் முகம் சுளித்தேன். அடுத்த மாதம் யாரிடமோ புடவை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-லேயே ஐ.நா. வழிகாட்டியது. நம் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழி என்கிறது. தமிழ்நாட்டு இல்லங்களில் நடந்த கொடுமை பற்றி 2007-ல் வந்த கடிதத்தை வழக்காக எடுத்த உச்ச நீதிமன்றம், எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய 2017-ல் உத்தரவிட்டது.

வீட்டில் அடி, ஆபத்து என்றால் 1098-ஐக் கூப்பிடத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இல்லம் தேவைப்படலாம். என்னிடம் வந்த இவளுக்குக் குறை பணம் ஒன்றுதான். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் உண்டு. கைம்பெண்ணின் பிள்ளைக்குக் கிடைக்கும். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-ஐத் தாண்டக் கூடாது. 2025-ல் வந்த அன்புக் கரங்கள் திட்டத்தின் 2,000 ரூபாய், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவரும் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. இவள் திடமாக இருக்கிறாள், அது பொருந்தாது.

புருஷனின் இறப்புச் சான்றிதழையே அவள் வாங்கியிருக்கவில்லை. அதற்கு மூன்று நடை. வங்கியில் இன்னொரு சிக்கல்: சேற்றில் தேய்ந்த விரல்களில் ரேகை விழவில்லை. இரண்டு நாள் ஏரிக்குப் போகாமல் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வா என்றேன். அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. நான்காம் முறை, இடது கை மோதிர விரலில் விழுந்தது.

மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போயிருக்கிறது. பெரியவள் இன்றும் காட்டூர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள்.