கண்ணாடி விரியன் கடியும் சிறுநீரகங்களின் சேதமும்

விருதுநகர் ஜில்லாவின் கரிசற் காடுகளில் பருத்தி, சோளம், உளுந்து முதலியன சாகுபடியாகின்றன. தானியம் உள்ள இடத்தில் எலியும், எலி உள்ள இடத்தில் பாம்பும் சேருவது இயற்கை. வயல் வேலை செய்வோருக்கும், சிவகாசிப் பக்கத்தில் முட்செடி மண்டிய பாதைகளில் பட்டாசுச் சாலைகளுக்கு நடந்து செல்வோருக்கும் பெருங்கேடு செய்யத்தக்கது கண்ணாடி விரியன். பருத்த உடலும், முதுகில் சங்கிலி போன்ற மூன்று வரிசைப் புள்ளிகளும், உரத்த சீறலும் இதன் அடையாளங்கள்.

இதன் விஷம் இரத்தத்தின் உறையும் சக்தியைக் கெடுக்கிறது. கடிவாயில் வீக்கமும், ஈறுகளில் இரத்தக் கசிவும் காண்பவருக்கு உடனே புலப்படும். சிறுநீரகங்கள் கெடுவதோ அவ்வாறு புலப்படுவதில்லை. நுண்ணிய இரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டாவதாலும், இரத்த அழுத்தம் தாழ்வதாலும், விஷமே நேரில் தாக்குவதாலும் அவை செயலிழக்கின்றன. வீக்கம் வடிந்தபின்னரும் இது நேரக்கூடும். ஆகையால் மூத்திரத்தின் அளவைக் கவனிப்பதே முக்கியம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 180 மில்லி லிட்டருக்குக் குறைவாக இறங்கினால் அது எச்சரிக்கை. மூத்திரம் சிவந்தோ கறுத்தோ இருத்தல், முகமும் பாதமும் வீங்குதல், இடுப்பு வலி, வாந்தி ஆகியவையும் அபாயக் குறிகளே.

கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட அங்கத்தை அசையாதபடி வைத்து, 108 வண்டியிலோ வேறு வாகனத்திலோ தாமதமின்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், பச்சிலை கொடுத்தல் ஆகியவை கூடா. வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தவறு; அவற்றுட் பல சிறுநீரகங்களை மேலும் கெடுக்கும்.

ஆஸ்பத்திரியில் சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்துப் பார்ப்பர். உறையாவிடில் விஷமுறிவு மருந்து ஏற்றுவர். நல்லபாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் இம்மருந்து முறிக்கும். இதற்கான விஷத்தைச் சேகரித்து வரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் செங்கல்பட்டுப் பகுதியில் நிறுவப்பட்டது. இரத்தத்தில் உலவும் விஷத்தை மருந்து முறிக்குமேயன்றி, முன்பே நேர்ந்த சேதத்தை மாற்றாது. ஆகவே ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் சிறுநீரகங்களுக்கு நஷ்டம். மூத்திரம் நின்றவர்க்கு டயாலிஸிஸ் தேவைப்படலாம். அதனால் அஞ்சவேண்டியதில்லை, சில வாரங்களில் சிறுநீரகங்கள் தேறியவர் பலர். ஆயினும் வீடு திரும்பியபின்னும் இரத்தப் பரிசோதனை தொடர வேண்டும்.

தடுப்பு முறைகள் எளியன. களத்தருகே வைக்கோற் போரும் விறகுக் குவியலும் சேரவிடாமல், எலி வளைகளை அழிக்க வேண்டும். அறுவடையின்போது வேலையாட்களுக்கு முழங்காலளவு காலணியும், இரவில் நீர் பாய்ச்சுவோருக்கு டார்ச்சும் கோலும் அளிப்பது நிலச்சொந்தக்காரரின் கடமை.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. கிராம அதிகாரிகள், விஷமுறிவு மருந்து இருப்பிலுள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரி எதுவென்பதையும், இரவில் வாகனம் தரத்தக்கவர் யார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துச் சாவடிச் சுவரில் எழுதி வைப்பார்களாயின், ஒரு குடும்பத்தின் உழைப்பாளி காப்பாற்றப்படுவார்.